ஒரே ஃப்ரீக்வென்சியில் பத்துச் சேனல்: பிரிக்க ஃபில்டர் போதுமா?

மார்ச் 2, வாசகர் ஒருவரின் கேள்வி

"அப்பா காலத்திலிருந்து கேபிள் நடத்துகிறோம். அனலாக்கில் ஒரு சேனலுக்கு ஒரு ரிசீவர், ஒரு மாடுலேட்டர். இப்போது ஒரே ஃப்ரீக்வென்சியில் பத்துப் பன்னிரண்டு சேனல் வருகிறது. அப்படியென்றால் அந்த 8 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒவ்வொரு சேனலுக்கும் சின்னதாக ஒரு இடம் இருக்கத்தானே வேண்டும்? துல்லியமான ஃபில்டர் போட்டால் தனித்தனியாக எடுத்துவிடலாம் என்பது என் கணிப்பு. சேனல்களைப் பிரித்துத் தரும் டீமக்ஸ் பெட்டிக்கு எதற்கு இவ்வளவு விலை?"

மார்ச் 2, இரவு

இல்லை. அந்த 8 மெகாஹெர்ட்ஸுக்குள் சேனலுக்குச் சேனல் தனி இடம் கிடையாது. எவ்வளவு துல்லியமான ஃபில்டர் போட்டாலும் உங்களுக்குக் கிடைப்பது எல்லாச் சேனலும் கலந்த ஒரு துண்டுதான், அதுவும் படிக்க முடியாத துண்டு.

டியூனர் தன் வேலையை முடித்த பிறகு வெளியே வருவது ஒரே ஓட்டம். ட்ரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்பது அதுதான். 188 பைட் கொண்ட பாக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் முதல் 4 பைட் தலைப்பு, மீதி 184 பைட் சரக்கு. முதல் பைட்டின் மதிப்பு எப்போதும் 71. தலைப்புக்குள் 13 பிட்டில் ஓர் எண் உண்டு, அதுதான் பிஐடி. 0 முதல் 8191 வரை எதுவாகவும் இருக்கலாம். ஒரு சேனலின் படத்துக்கு ஒரு பிஐடி, ஒலிக்கு ஒரு பிஐடி. பக்கத்துச் சேனலுக்கு வேறு எண்கள்.

கதம்பத்தில் மல்லியும் கனகாம்பரமும் ஒரே நாரில் மாறி மாறி வருவதுபோலத்தான். பூவைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும், நாரை எந்த இடத்தில் வெட்டினாலும் மல்லி மட்டும் தனியாக வராது.

மார்ச் 3, காலை

எந்த எண் எந்தச் சேனலுக்கு என்று எப்படித் தெரியும் எனத் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரீமே சொல்லும். இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான்.

பிஐடி 0 எப்போதும் பேட் என்ற அட்டவணைக்கு. அதில் இந்த ஸ்ட்ரீமில் உள்ள ப்ரோக்ராம் எண்களும், ஒவ்வொரு ப்ரோக்ராமின் விவரமும் எந்த பிஐடியில் இருக்கிறது என்பதும் இருக்கும். அந்த விவர அட்டவணை பிஎம்டி. என் கணினியில் உள்ள ஒரு பதிவிலிருந்து சொல்கிறேன். பேட்டைத் திறந்தால் "ப்ரோக்ராம் 5, பிஎம்டி 500-இல்" என்று இருக்கிறது. 500-ஐப் பிடித்தால் "வீடியோ 501, வகை 27, ஆடியோ 502, வகை 3, கடிகாரம் 501" என்கிறது. வகை என்பது படத்தையோ ஒலியையோ சுருக்கிய முறையின் எண், 27 என்றால் எச்.264. வகை 2 என்றால் பழைய எம்பெக்-2 வீடியோ, 36 என்றால் எச்இவிசி. ஆடியோவில் 3 எம்பெக் ஒலி, 15 ஏஏசி.

அவ்வளவுதான். 0-ஐப் படி, 500-ஐப் படி, 501-ஐயும் 502-ஐயும் பொறுக்கு. புதிதாக ஒருவர் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்றால் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

சேனல் பெயர் இதில் எதிலும் இருக்காது. அது பிஐடி 17-இல், எஸ்டிடி அட்டவணையில் தனியாக வருகிறது.

மார்ச் 4

ஃபில்டர் பற்றி முதல் குறிப்பில் எழுதியதை ஒருவர் "அப்போது ஃபில்டரே வேண்டாமா" என்று எடுத்துக்கொண்டார். வேண்டும். கேபிளில் ஓடும் பல துண்டுகளில் நமக்கு வேண்டிய 8 மெகாஹெர்ட்ஸை மட்டும் எடுப்பது டியூனருக்குள் உள்ள ஃபில்டர்தான். அனலாக்கில் அதோடு வேலை முடிந்தது. டிஜிட்டலில் பிரிப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இதையொட்டி ஒரு கணக்கு. சாட்டிலைட்டில் நொடிக்கு 27.5 மெகா சிம்பல் (சிம்பல் என்பது சிக்னலின் ஒரு துடிப்பு), க்யூபிஎஸ்கே (ஒரு சிம்பலில் 2 பிட்), எஃப்இசி 3/4 (4 பிட்டில் 3 தகவல், மீதி பிழை திருத்தத்துக்கு) என்றால் பயனுக்கு வருவது நொடிக்கு 38 மெகாபிட். கேபிளில் 8 மெகாஹெர்ட்ஸில் 6.875 மெகா சிம்பல், 64 க்யூஏஎம் (ஒரு சிம்பலில் 6 பிட்) என்றாலும் அதே 38 மெகாபிட். போட்டுப் பாருங்கள். முதலாவது 27.5 × 2 × 3/4, இரண்டாவது 6.875 × 6, இரண்டும் 41.25. பிழை திருத்தத்துக்காக ஒவ்வொரு 188 பைட்டும் 204 பைட்டாக அனுப்பப்படுவதால் 188/204-ஆல் பெருக்கினால் 38.01.

அதாவது சாட்டிலைட்டின் ஒரு முழு ட்ரான்ஸ்பாண்டரில் (ஒரு ஃப்ரீக்வென்சியில்) வரும் ஸ்ட்ரீமை அவிழ்க்காமல் அப்படியே ஒரு கேபிள் சேனலுக்குள் ஏற்றிவிடலாம். பல ஊர்களில் டிஜிட்டல் கண்ட்ரோல் ரூம் சிறிய முதலீட்டில் தொடங்க முடிந்ததற்கு இந்தப் பொருத்தம் பெரிய உதவி. நமக்கு வேண்டாத சேனலும் சேர்ந்தே வரும் என்பதுதான் அதில் உள்ள தொல்லை. டீமக்ஸ் தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

மார்ச் 5

பழைய யுஎஸ்பி டியூனரில் முழு ஸ்ட்ரீமையும் பதியலாமா என்று கேட்டவருக்கு: உங்கள் கருவி யுஎஸ்பி 1.1. அதன் வழியாக நொடிக்கு 12 மெகாபிட்டுக்கு மேல் போகாது, ட்ரான்ஸ்பாண்டரோ 38. அதனால் அந்தக் கருவிக்குள்ளேயே பிஐடி ஃபில்டர் வைத்திருப்பார்கள். கேட்ட எண்களை மட்டும் கணினிக்கு அனுப்பும். ஒரு சேனல் பார்க்கப் போதும், முழு ஸ்ட்ரீமைப் பதிவு செய்ய ஆகாது. அதை வைத்து இந்த இழையில் உள்ள சோதனைகளைச் செய்ய முயல வேண்டாம்.

மார்ச் 6

ஒருவர் தன் நிரலால் பிரித்த கோப்பை அனுப்பியிருக்கிறார். கணினியில் ஓடுகிறது, செட்டாப் பாக்ஸில் சில நொடிக்கு ஒருமுறை படம் நிற்கிறது, ஒலி விலகுகிறது. "வீடியோ பிஐடியும் ஆடியோ பிஐடியும் முழுசாக இருக்கிறது, ஒரு பாக்கெட் கூட விடவில்லை" என்கிறார். உண்மைதான், நானும் எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் விடுபடவில்லை.

விடுபட்டது கடிகாரம். 3-ஆம் தேதி நான் சொன்ன பதிவில் கடிகாரம் வீடியோவின் பிஐடியிலேயே இருந்தது. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கட்டாயம் இல்லை. இவருடைய ஸ்ட்ரீமில் பிஎம்டி தெளிவாகவே சொல்கிறது: பிசிஆர் என்ற அந்தக் கடிகாரம் வேறொரு பிஐடியில். அதில் படமும் இல்லை, ஒலியும் இல்லை, நேரம் மட்டும் இருக்கிறது. படமோ ஒலியோ இல்லாத பிஐடி எதற்கு என்று நிரல் அதைக் கழித்துவிட்டது.

இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பாக்கெட்டைப் பொறுக்குவது சின்ன வேலை. நேரத்தைக் காப்பாற்றுவதுதான் டீமக்ஸின் வேலை, பெட்டியின் விலையில் பெரும்பகுதி அதற்குத்தான்.

பிசிஆர் என்பது அனுப்பும் இடத்தில் ஓடும் 27 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் எண்ணிக்கை. எம்பெக் தரப்படி 100 மில்லி நொடிக்குள் ஒருமுறையாவது வந்தாக வேண்டும். செட்டாப் பாக்ஸ் தன் கடிகாரத்தை இந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் எப்போது திரைக்கு வர வேண்டும் என்ற முத்திரை உண்டு. அந்த முத்திரைக்குப் பொருள் வருவது பிசிஆரால்தான். கணினி ப்ளேயர் தன் சொந்தக் கடிகாரத்தில் சமாளித்துவிடும், நினைவகமும் தாராளமாக இருக்கிறது. பாக்ஸால் அப்படி முடியாது.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பாக்கெட் சரியான கணத்தில் வந்து சேரவும் வேண்டும். மூல ஸ்ட்ரீமில் இரண்டு பிசிஆருக்கு நடுவே நூற்றுக்கணக்கான பாக்கெட் இருந்தது, அவற்றில் பெரும்பாலானவை பிற சேனல்களுடையவை. அவற்றை நீக்கி மிச்சத்தை நெருக்கி அனுப்பினால் கணமெல்லாம் கலைந்துவிடும்.

இதற்கு வழி இரண்டு. பிற சேனலின் பாக்கெட் இருந்த இடத்தில் வெற்றுப் பாக்கெட் வைத்துவிடலாம், அதற்கென்றே பிஐடி 8191 ஒதுக்கப்பட்டிருக்கிறது. நேரம் அப்படியே நிற்கும், ஆனால் ஒரு சேனலுக்காக 38 மெகாபிட் ஓடும். இல்லையென்றால் நீக்கிவிட்டு, வெளியே போகும் வேகத்துக்கு ஏற்ப பிசிஆரைத் திருத்தி எழுத வேண்டும். நல்ல பெட்டி இரண்டாவதைச் செய்கிறது. மலிவுப் பெட்டி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். எத்தனை உள்வாயில் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 6, இரவு

பேட்டையும் புதிதாக எழுத வேண்டும். பத்துச் சேனலின் பட்டியலை ஒரு சேனல் ஸ்ட்ரீமில் அப்படியே விட்டால் பாக்ஸ் பத்தையும் ஸ்கேனில் காட்டும், ஒன்பது கறுப்பாக இருக்கும். எஸ்டிடிக்கும் இதேதான்.

மார்ச் 7

கட்டணச் சேனலைப் பிரிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பிரிக்க முடியும், பார்க்க முடியாது. பூட்டு போடுவது 184 பைட் சரக்குக்குத்தான், தலைப்பு திறந்தே இருக்கும். தலைப்பில் இரண்டு பிட் "இது பூட்டியது, இந்தச் சாவியால்" என்று சொல்லும். அட்டவணைகளும் திறந்தே வரும். பூட்டிய சேனலைப் பிரித்து வேறு இடத்துக்கு அனுப்புவதானால் பிஎம்டி காட்டும் ஈசிஎம் பிஐடியும் (பூட்டைத் திறக்க கார்டுக்கு வேண்டிய தகவல் அதில் வருகிறது) கூடவே போக வேண்டும். அது இல்லாவிட்டால், சந்தா கட்டிய கார்டு உள்ள பாக்ஸிலும் படம் வராது.

சாவி பற்றி இங்கே பேச மாட்டேன். சந்தா கட்டி வாழ்க்கை நடத்தும் கேபிள்காரர்கள் இந்த இழையைப் படிக்கிறார்கள்.

மார்ச் 9

இன்று நம் எல்லோருக்கும் பிடித்த விஷயம்: தமிழ் ஒலி.

சிறுவர் சேனல், வனவிலங்குச் சேனல் போன்றவற்றில் ஒரே படத்துக்குப் பல மொழி ஒலி வருவது எல்லோருக்கும் தெரியும். ஸ்ட்ரீமுக்குள் அது மிக எளிமையாக இருக்கிறது. ஒரு வீடியோ பிஐடி, அதன் கீழ் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என்று ஆடியோ பிஐடிகள். பிஎம்டியில் ஒவ்வொரு ஒலிக்கும் மூன்றெழுத்து மொழிக் குறி உண்டு. தமிழுக்கு டி, ஏ, எம்.

பாட்டி வீட்டில் பேரப்பிள்ளைகள் கார்ட்டூனை இந்தியில் பார்த்துக்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ரிமோட்டில் ஆடியோ பட்டனை அமுக்கினால் தமிழ் வரும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அமுக்கி மாற்றினாலும் சேனல் மாற்றித் திரும்பினால் சில பாக்ஸ்களில் மறுபடி இந்தி. கண்ட்ரோல் ரூமில் நினைத்தால் பிஎம்டியில் தமிழை முதல் ஒலியாக மாற்றி எழுதிவிடலாம். அல்லது அதே வீடியோவுக்கு இரண்டாவது பிஎம்டி எழுதி, தமிழ் ஒலியை மட்டும் அதில் சேர்த்துத் தனிச் சேனலாகவே காட்டலாம். வீடியோ ஒரே முறைதான் ஓடும், கூடுதலாகச் செலவாவது சில அட்டவணைப் பாக்கெட்டுகள். ஒளிபரப்பாளரோடு உள்ள ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கண்ட்ரோல் ரூமும் செய்ய வேண்டிய வேலை இது என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. மொழிக் குறியை நம்பி விட்டுவிடாதீர்கள். குறி தமிழ் என்று இருக்கும், கேட்டால் தெலுங்கு வரும். குறியே இல்லாத ஒலியும் உண்டு. ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டே ஆக வேண்டும்.

மார்ச் 10

மேலே உள்ளதன் தொடர்ச்சி. சேனல் பெயரைத் தமிழ் எழுத்தில் காட்ட முடியுமா? டிவிபி என்ற டிஜிட்டல் ஒளிபரப்புத் தரம் இடம் கொடுக்கிறது. பெயரின் முதல் பைட் 21 என்று இருந்தால் அடுத்து வருவது யூடிஎஃப்-8, அதாவது தமிழும் அடங்கிய யூனிகோட் எழுத்து. ஸ்ட்ரீமில் எந்தத் தடையும் இல்லை. தடை பாக்ஸில்தான். எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். எழுத்துரு இருந்தும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் பாக்ஸ்களைப் பார்த்திருக்கிறேன், "கொ" என்பது மூன்று துண்டாகத் தெரியும். பாக்ஸ் மொத்தமாக வாங்குகிறவர்கள் ஒரு மாதிரியை வாங்கி இதைச் சோதித்துவிட்டு ஆர்டர் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

மார்ச் 12

பிஐடி பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவைத்திருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் எழுதாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கண்ட்ரோல் ரூமில் எண்களைக் கையால் பதிந்திருந்தார்கள். ஓர் இரவு ஒளிபரப்பாளர் பிஐடிகளை மாற்றிவிட்டார். காலையில் ஆறு மணிக்கே ஃபோன் வர ஆரம்பித்தது. பக்திப் பாட்டு வரும் சேனலில் படம் இல்லை, வேறொரு சேனலின் ஒலி மட்டும் வருகிறது. டிஷ், அதன் முனையில் சிக்னலை வாங்கும் எல்என்பி, கேபிள் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு ஒரு பையன் மாடி ஏறி இறங்கியதுதான் மிச்சம். சிக்னல் அளவு அருமையாக இருந்தது.

பிஎம்டியில் பதிப்பு எண் ஒன்று உண்டு, 5 பிட். உள்ளே எது மாறினாலும் அது ஒன்று கூடும். அட்டவணையைத் தொடர்ந்து கவனிக்கும் பெட்டி அதைப் பார்த்ததும் புது எண்ணுக்கு மாறிக்கொள்ளும். ப்ரோக்ராம் எண்ணைச் சொல்லிவிட்டு, பிஐடியைத் தேடும் வேலையை அதனிடமே விட வேண்டும். அரை நொடிக்குள் பிஎம்டி திரும்ப வருகிறது, இடைவெளி தெரியக்கூட தெரியாது.

மார்ச் 12, பிற்பகல்

இலவசக் கருவி கேட்டவர்களுக்கு. பார்ப்பதற்கு மட்டும் என்றால் விஎல்சி போதும், ப்ளேபேக் மெனுவில் ப்ரோக்ராம் என்று இருக்கும், அதில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஆராய்வதற்கும் பிரிப்பதற்கும் டிஎஸ்டக். ஒரு சேனலைத் தனியே எடுக்க அதில் ஸாப் என்ற பகுதி இருக்கிறது, பேட்டையும் எஸ்டிடியையும் தானே திருத்திவிடும். எஃப்எஃப்எம்பெக்கும் பிரிக்கும், ஆனால் அது ஸ்ட்ரீமை அவிழ்த்து மறுபடி கட்டுகிறது. சொல்லாவிட்டால் வீடியோவுக்கு 256, பிஎம்டிக்கு 4096 என்று தன் எண்களையே போட்டுக்கொள்ளும். கோப்பாக வைத்துப் பார்க்க அது சரி. மூல ஸ்ட்ரீமில் என்ன கோளாறு என்று தேட அது ஆகாது, கோளாறையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

மார்ச் 15

டிஷ்ஷிலிருந்து பார்த்தால் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வரும் காலம் இது. நம் அட்சரேகையில் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் வரும். பகலில் சில நிமிடம் படம் கட்டம் கட்டமாக உடையும், டிஷ்ஷைத் தொடாதீர்கள், தானாகச் சரியாகிவிடும்.

இன்று அந்த நேரத்தில் டிஎஸ்டக்கைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கெட் தலைப்பில் கடைசி 4 பிட் ஒரு தொடர் எண். ஒவ்வொரு பிஐடிக்கும் தனியாக 0, 1, 2 என்று 15 வரை போய் மறுபடி 0. நடுவில் எண் தாண்டினால் பாக்கெட் தொலைந்துவிட்டது என்று பொருள். முதலில் ஒரு வீடியோ பிஐடியில் பிழை, அடுத்து இன்னொன்றில், பிறகு திரை முழுக்க எல்லாப் பிஐடியிலும் மளமளவென்று. கடைசியில் 71 என்ற பைட்டே இடத்தில் இல்லை, ஸ்ட்ரீமே பிடி விட்டுப்போனது. திரும்ப வந்ததும் அதே வரிசையில் அடங்கியது. பெரிய வீடியோ பிஐடியில் முதலில் தெரிவதற்குக் காரணம், ஓட்டத்தில் அதன் பாக்கெட்தான் அதிகம்.

புகார் வரும்போது இதை வைத்து முடிவெடுக்கலாம். எல்லாப் பிஐடியிலும் பிழை என்றால் உங்கள் பக்கம்: டிஷ், எல்என்பி, மழை, கனெக்டர். ஒரே சேனலின் பிஐடியில் மட்டும் பிழை, பக்கத்துச் சேனல்கள் சுத்தம் என்றால் கோளாறு மேலே, ஒளிபரப்பும் இடத்தில் சேனல்களை ஒன்றாகக் கட்டும் மக்ஸுக்கு முன்னால். மாடி ஏறத் தேவையில்லை.

71 பற்றி ஒரு சொல். சரக்குக்குள்ளும் தற்செயலாக 71 வரும். அதனால் ஒன்றைக் கண்டதும் பாக்கெட் ஆரம்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 188 பைட் தள்ளி இன்னொன்று, அதன் பின் இன்னொன்று என்று ஐந்து தொடர்ந்து கிடைத்தால் பாக்கெட் ஆரம்பம் அதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

மார்ச் 16

நாள் முழுக்க ஓடும் பதிவில் ஒரு கட்டத்தில் நேரம் பூஜ்யத்துக்குத் தாவுகிறது என்று எழுதியவருக்கு: உங்கள் வட்டு நன்றாகத்தான் இருக்கிறது. நேர முத்திரை 33 பிட், நொடிக்கு 90,000 எண்ணிக்கை. வகுத்தால் சுமார் 26 மணி 30 நிமிடம். அதன் பின் 0-இலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். எந்த மணிக்குத் தாவும் என்பது ஒளிபரப்பும் இடத்தில் படத்தைச் சுருக்கும் என்கோடர் எப்போது ஓடத் தொடங்கியது என்பதைப் பொறுத்தது, அதனால் தினமும் நேரம் தள்ளித் தள்ளி வரும். நிரலில் "புது முத்திரை பழையதைவிடச் சிறியது, அதனால் பிழை" என்று எழுதியிருந்தால் மாற்றுங்கள்.

மார்ச் 18

ஃபைபருக்கு மாறுகிறவர்கள் அதிகமாகிவிட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். ஐபி வழியாக அனுப்பும்போது ஒரு சேனலுக்கு ஒரு மல்டிகாஸ்ட் முகவரி, ஒரே முறை அனுப்பினால் கேட்கிற எல்லோருக்கும் போகும். ஒரு பொட்டலத்தில் ஏழு பாக்கெட், 7 × 188 = 1316 பைட். எட்டு வைத்தால் 1504 ஆகும், ஈதர்நெட்டின் 1500 எல்லைக்குள் அடங்காது.

எவ்வளவு பிட் வேகம் வேண்டும் என்று கணக்கு போடும்போது சராசரியை எடுத்தால் சிக்கல் வரும். ட்ரான்ஸ்பாண்டரில் சேனல்கள் இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. கிரிக்கெட் ஓடும் சேனலுக்கு அந்தக் கணத்தில் அதிகம், ஸ்டுடியோவில் இருவர் உட்கார்ந்து பேசும் சேனலுக்குக் குறைவு. மொத்தம் மட்டும் 38-ஐத் தாண்டாது. பிரித்து எடுத்த பிறகு ஒவ்வொரு சேனலும் தனியாக ஏறி இறங்கும். செய்திச் சேனல்களைக் கவனித்தால், வாசிப்பவர் அசையாமல் இருந்தாலும் கீழே ஓடும் எழுத்துப்பட்டி பிட்டைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு சேனலின் உச்சத்தையும் அளந்து இடம் ஒதுக்குங்கள்.

மார்ச் 20

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். டிஎஸ்டக்கில் நான்கு சேனல் பிரித்து உள்ளூர் சோதனை நெட்வொர்க்கில் விட்டிருக்கிறார், மூன்று நன்றாக ஓடுகிறது, நான்காவதில் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறது.

பிரித்த கோப்பை அனுப்ப வேண்டாம். முழு ட்ரான்ஸ்பாண்டரையும் ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள், 285 மெகாபைட் வரும். அந்தச் சேனலின் பிஎம்டியில் பிசிஆர் என்று எந்த எண் இருக்கிறது என்பதை அதற்கு முன் நீங்களே பார்த்து இங்கே எழுதுங்கள். வெளியே விடும் கணினியில் வேகத்தைக் கையால் பதிந்திருக்கிறீர்களா, பிசிஆரைப் பார்த்து விடுகிறதா என்பதும் தெரிய வேண்டும். மூன்று சேனலின் பிட் அளவும் ஒன்றுபோல இருந்து, நான்காவது மட்டும் வேறாக இருந்தால் எனக்குக் கையால் பதிந்த அந்த வேகத்தின் மேல்தான் சந்தேகம்.